நாலே முக்கால் அடி

ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. மணி மூன்றே கால்.

அறிக்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முன்னுரை இருந்தது, நன்றியுரை இருந்தது, மேலதிகாரி பாலத்தில் நின்று ஆற்றைக் கண்டிப்புடன் முறைக்கும் படம்கூட இருந்தது. எழுபதாம் பக்கத்தில், 'இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய பெருவெள்ளம், கரைக்கு மேல் எத்தனை அடி' என்பதற்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை. நான்கு மணிக்கு அறிக்கை மேலிடத்துக்குப் போயாக வேண்டும்.

எழுதியவருக்கு அந்தப் பேரிடர் மதிப்பீட்டு அலுவலகத்தில் 'அபாயம்' என்று பெயர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. பதினோரு வருடமாக, வராத வெள்ளத்துக்கு உயரமும் சரியாத மலைக்குத் தேதியும் கணிப்பதுதான் அவர் வேலை. தெருவைக் கடக்கும்போது மற்றவர்கள் இரண்டு பக்கம் பார்ப்பார்கள். அபாயம் மேலேயும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

"என்னய்யா, முடிஞ்சுதா இல்லையா?" மேலதிகாரி வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

"ஒரு நம்பர் மட்டும் வர மாட்டேங்குது சார். நாப்பது வருஷப் பதிவேட்டையும் அலசிட்டேன். ஆறு ஒரு தடவைகூட கரை தாண்டினதில்ல. அதிகபட்சமே கரைக்கு ரெண்டு அங்குலம் கீழதான் சார்."

"நல்ல ஆறுய்யா அது."

"நல்ல ஆறுதான். ஆனா வராத வெள்ளத்துக்கு நான் எப்படி சார் உயரம் சொல்றது? கம்ப்யூட்டரைக் கேட்டா தகவல் போதாதுங்குது."

"அது சொல்லும். அதுக்கென்ன பிரமோஷனா வரப்போகுது? ஏதாவது ஒண்ணைப் போடுய்யா. காலியா விட்டா ஏன்னு கேப்பாங்க. தப்பாப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். பெரிய பதவிக்கு வருகிறவர்களுக்கு இந்த மாதிரித் தெளிவு எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

பதிவேட்டில் குறை சொல்ல வழியில்லை. தினமும் காலை பத்து மணிக்கு ஓர் ஊழியர் பாலத்தடிக்குப் போய், அங்கே நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து எழுத வேண்டும். விடுமுறை நாளென்றால் முந்தின நாள் அளவையும் அடுத்த வேலைநாள் அளவையும் கூட்டி, இரண்டால் வகுத்து நடுவில் போட்டுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு எங்கே போய்விடப் போகிறது? நாற்பது வருடமாக இப்படித்தான். ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

அந்த நேரம் பார்த்து, அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா ஒரு தாளை நீட்டினாள்.

"சார், பூட்ஸ் மனு. போன வருஷமும் குடுத்தேன், அதுக்கு முந்தின வருஷமும் குடுத்தேன்."

அபாயம் வாங்கிப் படித்தார். 'இடுப்பு வரை வரும் ரப்பர் பூட்ஸ், ஒரு ஜோடி.'

"ஏனக்கா, தரையைத் துடைக்கிறதுக்கு இடுப்பு வரைக்கும் பூட்ஸா?"

"வேலை அப்படி சார்."

"சரி சரி, வெச்சுட்டுப் போங்க."

அக்காவுக்குச் சுத்தம் ஒரு பைத்தியம் என்பது அலுவலகம் அறிந்த விஷயம். இரண்டு நாள் விடுமுறை வந்தால் போதும், பதிவேடுகளையும் கம்ப்யூட்டரையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். திரும்பி வரும்போது தரை பளபளக்கும், பினாயில் வாடை மூக்கைத் துளைக்கும். 'இப்படி ஓர் ஆள் கிடைக்க நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று மேலதிகாரி ஒருமுறை கூட்டத்திலேயே சொன்னார். பூட்ஸ் மட்டும் கொடுக்கவில்லை.

மணி மூன்று நாற்பது. அபாயம் பேண்ட் பைக்குள் கையை விட்டார். அளவு நாடா தட்டுப்பட்டது. புது வீட்டு ஜன்னல்களைத் திரைச்சீலைக்கு அளந்து வரச்சொல்லி மனைவி காலையில் கையில் திணித்தது.

புது வீடு என்று நினைத்ததுமே அவருக்கு நெஞ்சில் ஜிலீரென்றது. கல்யாணமாகி எட்டு வருடம் மாமனார் வீட்டு வாசம். வீடு மேட்டுத் தெருவில், நல்ல காற்று, நல்ல வெளிச்சம், எல்லாம் நல்லதுதான், கூடவே மாமனார். ரயில்வேயில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கொடுத்தது ரயில்வே மட்டும்தான். மாப்பிள்ளை குளியலறையில் இருக்கும் நிமிடங்களை இன்றும் சத்தமாக அறிவித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்:

"இன்னிக்கு ஏதாவது அழிஞ்சுதா மாப்பிள்ளை?"

எட்டு வருடம். ஒரு நாள் தவறியதில்லை.

அலுவலகத்துக்குப் பின்னால், ஆற்றுத் தெருவில் கீழ்த்தள வீடு ஒன்று காலியாக இருப்பது போன மாதம்தான் தெரிந்தது. ஆளில்லாத சமையலறை, ஆளில்லாத கூடம், மணி சொல்ல ஆளில்லாத குளியலறை. வரும் மாதம் முதல் ஞாயிறு குடிபோவதாக முடிவாகிவிட்டது. அதுவரை உயிரோடிருந்தால் போதும் என்று அபாயம் நாட்காட்டியில் தேதிகளை அடித்துக்கொண்டிருந்தார்.

கையில் நாடா, எதிரே சுவர். தரையிலிருந்து கழுத்து உயரம் வரை பழுப்பு, அதற்கு மேல் வெள்ளை. அலுவலகச் சுவர் என்றால் அப்படித்தானே. அபாயம் எழுந்து போய்ப் பழுப்பு முடியும் இடம் வரை அளந்தார். நாலே முக்கால் அடி.

கட்டத்தில் 4.75 என்று எழுதினார். ஐந்து என்று போட்டால் குத்துமதிப்பு என்று தெரிந்துவிடும். நாலே முக்காலில் ஒரு விஞ்ஞானம் இருந்தது.

மூன்றாம் நாள், மாடியிலிருந்து வரைபடக்காரர் சிவப்பு மைக் கையோடு இறங்கி வந்தார்.

"பிரமாதம் சார். இத்தனை வருஷமா என் வரைபடத்துல சிவப்புக்கு வேலையே இல்ல. உங்க நாலே முக்கால் அடி வந்தப்புறம்தான் பாக்கவே அழகா இருக்கு."

அபாயம் பார்த்தார். ஆற்றுத் தெரு முழுக்க ரத்தச் சிவப்பு. சிவப்பு விழுந்த இடத்தில் கீழ்த்தளத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியதும் அவரேதான்.

வீட்டுக்குப் போனால் செய்தி முந்திக்கொண்டிருந்தது.

"என்னங்க, நம்ம வீடு சிவப்புல இருக்காமே?" என்றாள் மனைவி. "அங்க வெள்ளம் வருமா?"

"வராதும்மா. அது நான் போட்ட நம்பர்."

"நீங்க போட்டா வராதா?"

"நான் சும்மா போட்டது!"

"பதினோரு வருஷமா சும்மாதான் போட்டுட்டு இருக்கீங்களா?"

கூடத்திலிருந்து மாமனார் குரல் வந்தது. "கடைசியில மாப்பிள்ளையே ஒரு வீட்டை அழிச்சுட்டாரா? பரவாயில்ல மாப்பிள்ளை, இங்கேயே இருங்க. இது உங்க வீடு மாதிரிதானே."

அந்த 'மாதிரி'யில்தான் எட்டு வருடமும் இருந்தது. மனைவி திரைச்சீலைத் துணியை மடித்து அலமாரிக்குள் வைத்தாள். நாளைக்கே இதைச் சரி செய்தாக வேண்டும்.

மறுநாள் மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். உயரத்தைக் குறைத்தால் ஏன் என்று கேட்பார்கள். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதை நீட்டிவிட்டால்? வெள்ளம் இன்னும் அரிதாகிவிடும், விட்டுவிடுவார்கள்.

"சார், ஒரு சின்னத் திருத்தம். அந்த நாலே முக்கால் அடி இருநூறு வருஷத்துக்கு ஒரு தடவை இல்ல. ஐநூறு வருஷத்துக்கு ஒரு தடவை."

"ஐநூறு வருஷம் வரைக்குமா கணக்குப் போட்டிருக்கீங்க! அடேயப்பா! இதை இப்படியே விடக்கூடாது சார். உடனே சுவர் கட்டணும்."

ஆறடி வெள்ளத் தடுப்புச் சுவருக்கு அன்று மாலையே உத்தரவு வந்துவிட்டது. வரைபடக்காரர் அதற்கும் ஒரு கோடு போட்டுக் காட்டினார். கோடு புது வீட்டுச் சமையலறையின் நடுவே போனது.

"அடுப்பு ஆத்துப் பக்கம், அலமாரி ஊர்ப் பக்கம்," என்றாள் மனைவி வரைபடத்தைப் பார்த்துவிட்டு. "உப்பு எடுக்கணும்னா நான் சுவரேறிக் குதிக்கணுமா?"

"கொஞ்சம் பொறு. நிபுணர் குழு கேக்கப்போறேன்."

"நீங்க பொறுங்க பொறுங்கன்னு சொல்லியே வீடு பாதி போயாச்சு."

நிபுணர் குழுவில் மூன்று பேர்: ஒரு பேராசிரியர், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், காப்பீட்டுக்காரர் ஒருவர். தனித்தனியாக யோசித்து, ஒருவரோடொருவர் பேசாமல், ஆளுக்கொரு எண் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அபாயம் மூன்று பேர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போய் மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் கம்மியாவே போடுங்க சார். அரை அடி, ஒரு அடி... அவ்வளவு போதும்."

அங்கேதான் அவர் தப்புப் பண்ணினார். அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வீடு தேடி வந்து, குரலைத் தாழ்த்தி, கம்மியாகப் போடுங்கள் என்றால் என்ன அர்த்தம்? உள்ளே ஏதோ பெரிதாக இருக்கிறது, மூடி மறைக்கிறார்கள் என்று மூவரும் தனித்தனியாக முடிவு கட்டினார்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்தால் தன் தலை உருளக் கூடாதே! பேராசிரியர் எட்டடி என்றார். பொறியாளர் பன்னிரண்டு. காப்பீட்டுக்காரர் இருபதடி போட்டு, இந்த ஊரில் யாரும் எங்கேயும் குடியிருக்காமல் இருப்பது உத்தமம் என்று அடிக்குறிப்பும் எழுதினார்.

"சராசரி எடுத்துடலாம் சார்," என்றார் அபாயம்.

"சராசரியா?" மேலதிகாரி முகம் சுளித்தார். "அந்தப் பேராசிரியர் ஒரு மாதிரி. நான் சொன்னது ஒண்ணு, நீங்க போட்டது ஒண்ணுன்னு சண்டைக்கு வருவார். மூணையும் கூட்டிடு. எல்லாருக்கும் மரியாதை பண்ணின மாதிரி இருக்கும்."

"சார், கூட்டினா நாப்பதடி வருது!"

"வரட்டுமே. நாம கேட்டோம், அவங்க குடுத்தாங்க. அதுல நாம கைவெக்கலாமா?"

நாற்பதடியில் வரைபடக்காரருக்குச் சிவப்பு மை தீர்ந்து, கடைக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. ஆற்றுத் தெரு மூழ்கியது, கடைத்தெரு மூழ்கியது, மேட்டுத் தெருவும் மூழ்கியது. மாமனார் வீட்டு வாசற்படி வரை சிவப்பு வந்து நின்றது.

அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது வழக்கமான கேள்வி வரவில்லை. மாமனார் கூடத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, இந்த வீடும் சிவப்பாம். இனிமே ரெண்டு வீட்டுக்கும் வித்தியாசமில்ல. நீங்க எங்க போறீங்களோ, நானும் உங்களோடவே வந்துடறேன். கடைசி வரைக்கும்."

பதினோரு வருட அனுபவத்தில் இவ்வளவு பெரிய பேரிடரை அபாயம் எந்த அட்டவணையிலும் பார்த்ததில்லை.

நாற்பதடி வெள்ளத்தில் ஒரு நல்லதும் இருந்தது. மேலிடத்தின் கட்டடமும் சிவப்புக்குள் வந்துவிட்டது. ஊர் மூழ்கும் வரை பேசாமல் இருந்தவர்கள் தங்கள் வாகன நிறுத்துமிடம் மூழ்கியதும் விழித்துக்கொண்டார்கள். 'மேற்படி எண்ணின் ஆதாரத்தை நேரில் ஆராய ஆய்வாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை வருகிறார்' என்று கடிதம் வந்தது.

ஆதாரம்! அபாயம் திரும்பிப் பார்த்தார். ஆதாரம் நாலு சுவரிலும் நாலே முக்கால் அடி உயரத்துக்குப் பழுப்பாக நின்றது. வருகிற ஆள் சும்மா ஒரு நாடாவை வைத்துப் பார்த்தால் போதும், மானம் போய்விடும், வேலையும் போய்விடும். வியாழக்கிழமையே பெயிண்டரைக் கூட்டி வந்தார்.

"எல்லாத்தையும் வெள்ளையா அடிச்சுடுங்க. தரை வரைக்கும்."

பெயிண்டர் சுவரைத் தடவிப் பார்த்து, "ரொம்ப ஓதமா இருக்கு சார். ரெண்டு மாசம் காய விட்டு அடிச்சாத்தான் நிக்கும்" என்றார்.

"நாளைக்கு ஒரு நாள் நின்னா போதும்!"

ஆய்வாளர் ஓர் அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும் என்கிற ரகம். வெள்ளை வெளேரென்ற அறையில் உட்கார்ந்து நாற்பது வருடப் பதிவேட்டையும் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"ஆறு கரை தாண்டினதா ஒரு நாள்கூடப் பதிவு இல்லையே?"

"இல்லைங்க மேடம்."

"அப்புறம் எங்கேர்ந்து வந்தது நாலே முக்கால் அடி?"

"அது... ஒரு அனுமானம் மேடம். தப்பான அனுமானம். அதைக் கட்டிக்கிட்டு அழுதுட்டு இருக்கேன் மேடம். தயவுசெஞ்சு எடுத்துடுங்க."

அந்த அம்மாள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "தப்பைத் தப்புன்னு ஒத்துக்கிற ஆளை இந்த உத்தியோகத்துல இப்பத்தான் பாக்கறேன். ஆனா பதிவேடு அருமை சார். நாப்பது வருஷம், ஒரு கட்டம் காலி இல்ல! இந்த மாதிரி பதிவேடு இருக்கும்போது நிபுணர் எதுக்கு, அனுமானம் எதுக்கு?"

நாற்பதடியை அடித்தார். நாலே முக்காலையும் அடித்தார். 'இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய பெருவெள்ளம்: கரைக்கு இரண்டு அங்குலம் கீழே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிவப்பெல்லாம் அழிந்தது. சுவர் உத்தரவு ரத்தானது. வரைபடக்காரர் மட்டும் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடிபோனார்கள். மாமனார் பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். வாசல் வரை வந்தார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"ஏதாவது அழிஞ்சா சொல்லியனுப்புங்க மாப்பிள்ளை," என்றார்.

புது வீடு குளிர்ச்சியாக இருந்தது. சுவிட்சுகள் மட்டும் ஏனோ தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில் இருந்தன. குழந்தைகள் கை படக் கூடாதென்று அப்படி வைத்ததாக வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மனைவி ஸ்டூல் போட்டு ஏறி விளக்கைப் போட்டாள். ஆற்றுத் தெருவில் எல்லோரும் மாடியில்தான் குடியிருந்தார்கள். காற்றுப் பிரியர்கள் போலிருக்கிறது. கீழே கட்டிலும் பீரோவும் இறங்குவதை மாடிக்கு மாடி எட்டி நின்று அவ்வளவு அக்கறையாகப் பார்த்தார்கள். திரைச்சீலை மாட்டி முடித்ததும் மனைவி நடுக்கூடத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"நம்ம வீடுங்க," என்றாள்.

அபாயம் குளியலறைக்குள் போய் நாற்பது நிமிடம் இருந்தார். யாரும் மணி சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. பத்து மணி அளவு, கரைக்கு இரண்டு அங்குலம் கீழே. மூன்று மணிக்கு மேலதிகாரி கையில் ஒரு தாளோடு வந்து இருமினார்.

"கனமழை. நாளைக்கும் நாளன்னிக்கும் ஆபீஸ் லீவு."

அலுவலகமே கைதட்டியது. பதிவேட்டு ஊழியர் இரண்டு நாளுக்கும் 'விடுமுறை' என்று இப்போதே எழுதிவைத்துவிட்டு, குடையைத் தேடினார். அக்கா வழக்கம்போல நாற்காலிகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அபாயத்துக்கு மனசு நிறைந்திருந்தது. இரண்டு நாள் லீவு, தனியாக ஒரு வீடு, நடக்கிற தூரத்தில் ஆறு. இந்த நல்ல வேளையில் யாருக்காவது ஏதாவது நல்லது செய்ய வேண்டும்போல இருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து பழைய மனுவை எடுத்தார். இடுப்பு வரை என்றிருந்ததை அடித்து முழங்கால் வரை என்று மாற்றி, கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

"அக்கா! இங்க வாங்க. உங்க பூட்ஸுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. முழங்கால் வரைக்கும் வர்றது. போதும்ல?"

அக்கா இரண்டு கையிலும் நாற்காலியோடு நின்றாள். மனுவைப் பார்த்தாள், புதிதாக வெள்ளையடித்த சுவரைப் பார்த்தாள்.

"எங்க சார் போதும்? நீங்க மழை லீவுல போற ஒவ்வொரு தடவையும் ஆறு உள்ள வந்து, நீங்க வெள்ளையடிச்சீங்களே அந்தப் பழுப்பு, அது வரைக்கும்ல நிக்குது. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள வருஷா வருஷம் நான்தானே கழுவி வெக்கிறேன்!"